ஃபோல்ட்ஸ்கோப்: குளக்கரைக்குக் கொண்டுபோக ஒரு காகித நுண்ணோக்கி

பள்ளிக்கூடத்து நுண்ணோக்கி அலமாரிக்குள் பூட்டியிருக்கும். அதில் குளத்துத் தண்ணீரைப் பார்க்கவேண்டுமென்றால் குளத்தைத்தான் ஆய்வகத்துக்குத் தூக்கிவர வேண்டும். பாட்டில் வந்து சேர்வதற்குள் வெயிலில் சூடேறி, உள்ளே இருந்தவற்றில் பாதி செத்திருக்கும். ஃபோல்ட்ஸ்கோப்பின் அருமை இங்கேதான். கருவியே குளத்துக்குப் போகிறது. சட்டைப்பையில் அடங்கும், கீழே விழுந்தால் உடையாது, நனைந்தாலும் கெடாது. எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையை வாரம் ஒருமுறை வெளியே கூட்டிப்போக மனமுள்ள வீட்டுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைக்கலாம். வீட்டுக்குள்ளேயே வைத்துப் பார்க்கத்தான் வாங்குகிறீர்கள் என்றால் வேண்டாம். வெங்காயத் தோலும் தலைமுடியும் பார்த்து முடித்த மூன்றாம் நாள் அது மேசை டிராயருக்குள் போய்விடும்.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மனு பிரகாஷும் அவருடைய மாணவர் ஜிம் சிபுல்ஸ்கியும் உருவாக்கியது இது. 2014-இல் இதன் வடிவமைப்பை ஆய்வுக்கட்டுரையாக வெளியிட்டார்கள். இந்தியாவில் மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை இவர்களோடு சேர்ந்து பள்ளி, கல்லூரிகளுக்குக் கொண்டுபோனதால், நம் ஊர் அறிவியல் ஆசிரியர்கள் பலருக்கு இது புதிதல்ல. உருப்பெருக்கம் 140 மடங்கு. இரண்டு மைக்ரான் இடைவெளியில் இருக்கும் இரு புள்ளிகளைத் தனித்தனியாகக் காட்டும். மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால் கணக்கு புரியும். பாசியின் செல், அதற்குள் இருக்கும் பச்சையம், மகரந்தத்தூள், தண்ணீரில் வாழும் நுண்ணிய உயிர்களான பாரமீசியம், ரோட்டிஃபர் எல்லாம் நன்றாகத் தெரியும். பாக்டீரியாவைப் பார்க்கலாம் என்று பிள்ளைக்கு வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். பெரும்பாலான பாக்டீரியாக்கள் இந்த எல்லைக்கும் கீழே இருப்பவை.

உள்ளே இருப்பது ஒரே ஒரு லென்ஸ். கடுகைவிடக் கொஞ்சம் பெரிய கண்ணாடி உருண்டை. 1670-களில் டெல்ஃப்ட் நகரத்துத் துணி வியாபாரி லேவன்ஹுக் ஏரித் தண்ணீரில் நுண்ணுயிர்களைப் பார்த்ததும் இதே மாதிரி ஒற்றை லென்ஸ் வழியாகத்தான். ஒற்றை லென்ஸ் என்பதால் ஒரு நன்மை உண்டு. பள்ளி நுண்ணோக்கியில் உருவம் தலைகீழாக, இடவலம் மாறித் தெரியும். இதில் நேராகத் தெரியும். குறையும் உண்டு. வட்டத்தின் நடுப்பகுதிதான் துல்லியம், ஓரம் மங்கலாகவே இருக்கும். அது பழுது அல்ல. பார்க்க வேண்டியதை நடுவுக்குக் கொண்டுவரப் பழகிக்கொண்டால் போதும்.

பெட்டியில் வருவது தட்டையான, அச்சிட்ட தாள். பார்வைக்குக் காகிதம், உண்மையில் தண்ணீர் புகாத, எளிதில் கிழியாத செயற்கைத் தாள். வெட்டுக்கோட்டில் பிரித்தெடுத்து, மடிப்புக்கோட்டில் மடித்து, ஒன்றுக்குள் ஒன்றைச் செருக வேண்டும். முதல்முறை அரைமணி நேரம் ஒதுக்குங்கள். தவறு நடப்பது பெரும்பாலும் மடிப்பில்தான். அரைகுறையாக மடித்தால் தாள் விறைத்துக்கொண்டு நிற்கும், குவியம் (படம் தெளிவாகத் தெரியும் நிலை) நிலைக்காது. ஒவ்வொரு கோட்டையும் நகத்தால் அழுத்தி, முழுதாக மடித்து, ஒருமுறை எதிர்ப்புறமும் மடித்துப் பிறகு செருகுங்கள். செருகும் நாக்கு உள்ளே போகவில்லை என்றால் வேறு தவறான பள்ளத்தில் நுழைக்கிறீர்கள் என்று பொருள். பலம் கொடுத்துத் தள்ளக் கூடாது. லென்ஸைச் சுற்றிச் சின்னக் காந்த வளையம் உண்டு. கைபேசியில் ஒட்டுவதற்கும் தனிக் காந்தம் வரும். மூன்று, நான்கு வயதுத் தம்பி தங்கை இருக்கும் வீட்டில் இவை கைக்கெட்டாமல் இருக்கட்டும். ஒன்றுக்கு மேற்பட்ட காந்தத்தை விழுங்கினால் குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக் குடலையே ஓட்டை போட்டுவிடும்.

வாங்கிய பலர் “ஒன்றுமே தெரியவில்லை” என்று ஒதுக்கிவைப்பதற்கு ஒரே ஒரு காரணத்தைச் சொல்லச் சொன்னால், ஸ்லைடை (பார்க்க வேண்டிய பொருளை வைக்கும் சிறு கண்ணாடிப் பட்டை) திருப்பி வைத்ததைத்தான் சொல்ல வேண்டும். 140 மடங்கு தரும் உருண்டை லென்ஸ் தனக்கு முன்னால் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் தூரத்தில் இருப்பதைத்தான் தெளிவாகக் காட்டும். கண்ணாடி ஸ்லைடின் தடிமன் ஒரு மில்லிமீட்டர். பொருளின்மேல் மூடும் மெல்லிய கண்ணாடியான கவர் ஸ்லிப்பின் தடிமன் அதில் ஆறில் ஒரு பங்குதான். ஆகவே கவர் ஸ்லிப் இருக்கும் பக்கம்தான் லென்ஸைப் பார்த்து இருக்க வேண்டும். திருப்பி வைத்தால் நடுவில் ஒரு மில்லிமீட்டர் கண்ணாடி நிற்கும். எவ்வளவு நகர்த்தினாலும் குவியம் கிடைக்காது. தடித்த மாதிரியை வைத்தால் தெரியாமல் போவதும் இதே கணக்கால்தான். இலையை அப்படியே செருகினால் கறுப்புத்தான் தெரியும். ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லிய தோலாக உரித்தால்தான் படம் வரும்.

இன்னொரு காரணம் கண்ணின் தூரம். பிள்ளைகள் தொலைநோக்கியைப் பிடிப்பதுபோல் எட்டப் பிடித்துப் பார்ப்பார்கள். அப்போது ஊசித்துளை அளவு வெளிச்சம்தான் தெரியும். கண் இமைமயிர் தாளில் உரசும் அளவுக்கு நெருக்கமாகப் பிடிக்க வேண்டும். மூக்குக்கண்ணாடி போட்ட பிள்ளை கழற்றிவிட்டே பார்க்கலாம், கிட்டப்பார்வையோ தூரப்பார்வையோ குவியத்தில் சரியாகிவிடும். இரண்டு கைகளாலும் இரு ஓரங்களைப் பிடித்து, குவியப் பட்டையை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை மெதுவாக, மிக மெதுவாக நகர்த்தச் சொல்லுங்கள். படம் ஒரு கணம் மின்னி மறையும். அந்த இடத்தைத் தாண்டிவிட்டோம் என்று அர்த்தம், திரும்பி வர வேண்டும். முதல் நாள் குளத்துக்குப் போகும்முன் வீட்டிலேயே ஒரு தலைமுடியை ஸ்லைடில் ஒட்டி இதை மட்டும் பத்து நிமிடம் பழக்கிவிட்டால் கரையில் அழுகை இருக்காது.

வெளிச்சம் வானத்திலிருந்து வரட்டும். மரநிழலில் நின்று, சூரியன் இல்லாத பக்கத்து வெளிர்வானத்தை நோக்கிப் பிடித்தால் மிக நல்ல படம் கிடைக்கும். வெள்ளையடித்த சுவரும் சரிதான். சூரியனை நேராக ஒருபோதும் பார்க்கக் கூடாது. லென்ஸ் ஒளியைக் கண்ணுக்குள் குவித்துவிடும். கூடவே போகும் பெரியவர் முதலில் சொல்ல வேண்டியதும், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திருப்பிச் சொல்ல வேண்டியதும் இதுதான். சாயங்காலத்துக்கு எல்.இ.டி. விளக்கு உதவும், எல்லாக் கிட்டிலும் விளக்கு வராது, வாங்கும்போது பட்டியலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி தண்ணீருக்கு வருவோம். குளத்து நடுவே மொண்ட தெளிந்த நீரில் அநேகமாக ஒன்றும் இருக்காது. உயிர்கள் எதையாவது பற்றிக்கொண்டுதான் வாழ்கின்றன. மிதக்கும் ஆகாயத்தாமரையின் வேரைச் சின்ன டப்பாவுக்குள் பிழிந்தால் வரும் பழுப்புத் தண்ணீர்தான் பொக்கிஷம். (ஊதாப் பூப் பூக்கும் வெங்காயத்தாமரையின் வேரும் இதற்கு ஏற்றதே. பலரும் இரண்டையும் ஒரே பெயரால் அழைக்கிறார்கள். ஆகாயத்தாமரை ரோஜாப்பூப் போல அடுக்கிலையோடு தட்டையாக மிதப்பது.) படித்துறைக் கல்லில் வழுக்கும் பச்சையைக் கரண்டியால் லேசாகச் சுரண்டலாம். நெல்வயல் வரப்போரத்து நீர், மாட்டுத்தொழுவத்துத் தொட்டியின் உள்சுவர், மொட்டைமாடியில் பறவைக்கு வைத்த மண்சட்டி எதுவும் விலக்கில்லை. சில குளங்களில் மேலே செங்கல் நிறத்தில் ஆடை படர்ந்திருக்கும். அழுக்கு என்று ஒதுக்காமல் ஒரு சொட்டு எடுங்கள், யூக்ளினா என்னும் ஒருசெல் உயிர் கூட்டமாக இருக்க வாய்ப்புண்டு.

டப்பாவில் பாதிக்குமேல் நிரப்பாதீர்கள். மேலே காற்று இருக்க வேண்டும், மூடியை இறுக்கக் கூடாது, வெயிலில் வைக்கக் கூடாது.

ஸ்லைடில் விடும் சொட்டு பாசிப்பயறு அளவுக்குமேல் போகக் கூடாது. அதிகமானால் கவர் ஸ்லிப் மிதக்கும், தண்ணீர் லென்ஸில் ஒட்டும், படம் முழுக்கக் கலங்கிவிடும். கவர் ஸ்லிப்பின் ஓர் ஓரத்தை முதலில் தண்ணீரில் தொடவைத்து, மற்ற ஓரத்தைக் குண்டூசியால் தாங்கி மெல்லச் சாய்த்து இறக்குங்கள். மிச்சத் தண்ணீரை டிஷ்யூத் தாளின் முனையால் உறிஞ்சி எடுங்கள். இவ்வளவு செய்தும் காற்றுக்குமிழி நுழையும். கறுத்த தடித்த விளிம்போடு, கச்சிதமான வட்டமாக, நடுவில் பளிச்சென்று இருக்கும். அநேகமாக எல்லாப் பிள்ளைகளின் முதல் “கிருமி”யும் இந்தக் குமிழிதான். அது குமிழி என்று உடனே சொல்லிவிடாமல், அசைகிறதா, எல்லாம் ஒரே மாதிரி வட்டமா என்று கேளுங்கள். அடுத்த ஸ்லைடில் அவர்களே கண்டுபிடித்து ஒதுக்குவார்கள்.

பாரமீசியம் வந்துவிட்டால் அடுத்த சிக்கல் வேகம். கண்ணுக்குள் வந்த மறுநொடி ஓடிவிடும். சொட்டு விடும்முன் பஞ்சிலிருந்து நாலைந்து இழையைப் பிரித்து ஸ்லைடில் பரப்பிவிடுங்கள். இழைகளுக்கு நடுவே வேலி போட்டதுபோல் சிக்கி, முட்டி, பின்வாங்கி, திரும்பி மறுபடி முட்டும். உடலைச் சுழற்றிக்கொண்டு நீந்துவது அப்போதுதான் தெரியும். ரோட்டிஃபர் இன்னும் நல்ல விருந்தாளி. பாசித் துணுக்கில் காலை ஊன்றிக்கொண்டு, தலையில் இரண்டு சக்கரம் சுழல்வதுபோல் தோன்றும் மயிரிழைகளால் தண்ணீரைத் தன் வாய்க்குள் இழுத்துக்கொண்டே இருக்கும். ஒரு பிள்ளை இருபது நிமிடம் கண்ணை எடுக்காமல் பார்ப்பது இதை மட்டும்தான். நம் வெயிலுக்கு ஸ்லைடு பத்துப் பதினைந்து நிமிடத்தில் காயத் தொடங்கும். கவர் ஸ்லிப் ஓரத்தில் ஒரு துளி விட்டால் தானே உள்ளே போய்விடும்.

உயிரினம் எதுவும் கிடைக்காத நாளுக்குக் கைவசம் வேலம்பாசி (ஹைட்ரில்லா என்னும் நீர்ச்செடி) இருக்கட்டும். குளத்திலும் உண்டு, மீன்தொட்டிக் கடையிலும் கிடைக்கும். நுனிக்கு அருகில் உள்ள இளம் இலை ஒன்றைக் கிள்ளி, கிழிக்காமல் அப்படியே ஒரு சொட்டுத் தண்ணீரில் வைத்தால் போதும். இரண்டு செல் அடுக்குதான் தடிமன், ஒளி ஊடுருவும். செங்கல் சுவர் போல அடுக்கிய செல்கள் முதலில் தெரியும். வெளிச்சத்தில் சில நிமிடம் பொறுத்திருந்தால் ஒவ்வொரு செல்லின் ஓரமாகவும் பச்சை மணிகள் வரிசையாக நகர்ந்து சுற்றிவரத் தொடங்கும். செடி அசையாது என்று நம்பிய பிள்ளைக்கு இதைக் காட்டிவிட்டு முகத்தைப் பாருங்கள். நகரவில்லையா? இலை பழையது, அல்லது தண்ணீர் ரொம்பக் குளிர்ச்சி. வேறு இலை எடுங்கள்.

குளங்கள் நிரம்பித் தெளிந்திருக்கும் மார்கழி, தை மாதங்கள் தண்ணீருக்கு உகந்தவை. கோடையில் ஏரி வறண்டால் பூவுக்கு மாறிக்கொள்ளுங்கள். செல்லோடேப் துண்டின் பசைப்பக்கத்தை மகரந்தப்பையில் ஒருமுறை லேசாகத் தொட்டு, ஸ்லைடில் ஒட்டினால் வேலை முடிந்தது. லேசாக என்றால் உண்மையிலேயே லேசாக. அழுத்தினால் மஞ்சள் குவியலாகி ஒளி மறையும். செம்பருத்தியும் பூசணியும் பெரிய மகரந்தம், உருண்டையின்மேல் முள் முள்ளாக இருக்கும். வெட்டுக்காயப் பூண்டின் மகரந்தமும் முள்ளுருண்டைதான், ஆனால் மிகச் சின்னது. பக்கத்திலேயே வளரும் ஏதாவது புல்லின் கதிரை எடுத்துத் தட்டிப் பாருங்கள்: வழவழப்பான உருண்டை, முள் கிடையாது. வண்டின் உடம்பில் ஒட்டிப் போவதற்கு முள் வேண்டும், காற்றில் பறப்பதற்கு வேண்டாம். இரண்டு ஸ்லைடையும் அடுத்தடுத்துக் காட்டினால் இந்த விடையைப் பிள்ளையே சொல்லும். பார்த்தீனியம் பக்கம் மட்டும் போக வேண்டாம். தோலிலும் மூச்சிலும் ஒவ்வாமை தரும் களை அது. வண்ணத்துப்பூச்சிச் செதில் பார்க்க ஆசைப்பட்டால் தெருவிளக்கின் கீழ் செத்துக்கிடக்கும் அந்துப்பூச்சியின் இறகு போதும். உயிரோடு பிடிக்கவே கூடாது. இறகுத் துண்டின் ஓரத்தில் ஓடு வேய்ந்ததுபோல் செதில்கள் அடுக்கியிருக்கும்.

இந்தக் கருவியால் முடியாததையும் சொல்லிவிட வேண்டும். எறும்பைப் பார்க்க இது உதவாது. மூன்று மில்லிமீட்டர் எறும்பில் ஒரு காலின் முடிகள்தான் வட்டம் முழுக்க நிறையும். முழுப் பூச்சி, பூவின் உள்பகுதி, இலைப்புழுவின் முகம், சிலந்தியின் கண் இவற்றுக்கெல்லாம் 10 மடங்கு கைலென்ஸ்தான் சரி, நகைக்கடையில் பயன்படுத்துகிறார்களே அந்த மடக்கு லென்ஸ். ஃபோல்ட்ஸ்கோப்போடு அதையும் ஒன்று வாங்கிவிடுங்கள். அதற்கும் பிடிக்கும் முறை இருக்கிறது: லென்ஸைக் கண்ணோடு ஒட்டிவைத்து, பொருளை இரண்டரை சென்டிமீட்டர்வரை அருகே கொண்டுவர வேண்டும். லென்ஸைப் பூவுக்கருகில் வைத்துத் தலையை எட்ட வைத்தால் சின்ன வட்டம்தான் தெரியும். 30 மடங்கு, 60 மடங்கு என்று பொறித்து மலிவாக விற்பவற்றை நம்ப வேண்டாம். எழுதியிருக்கும் பெருக்கம் பெரும்பாலும் அவற்றில் இருப்பதில்லை, இருந்தாலும் பிள்ளையின் கையில் குவியம் நிற்காது. ஏழு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு முதலில் கைலென்ஸ் மட்டும் கொடுங்கள். ஃபோல்ட்ஸ்கோப் கேட்கும் விரல் நிதானமும் பொறுமையும் அந்த வயதில் இருக்காது, அதைக் குறையாகவும் நினைக்கக் கூடாது.

கைபேசியில் ஒட்டிப் படம் எடுப்பது எளிது. காந்தத்தைக் கேமரா துளையைச் சுற்றி ஒட்டினால் ஃபோல்ட்ஸ்கோப் தானே பிடித்துக்கொள்ளும். இப்போதைய கைபேசிகளில் மூன்று நான்கு கேமரா இருப்பதால், எது முதன்மைக் கேமரா என்று ஒவ்வொன்றாக விரலால் மறைத்துப் பார்த்துக் கண்டுபிடியுங்கள். மிக அருகில் உள்ளதைப் படமெடுக்கும் மேக்ரோ அமைப்புக்குத் தானாக மாறிக்கொள்ளும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் படம் நடுவில் தாவிக்கொண்டே இருக்கும். ஆனால் ஒரு வேண்டுகோள். முதல் மூன்று நான்கு தடவை கைபேசி வேண்டாம், கண்ணால் பார்க்கட்டும். திரை வந்துவிட்டால் பிள்ளை குளத்தை விட்டுவிடும், திரையைத்தான் பார்க்கும். அதற்குப் பதில் ஒரு நோட்டும் பென்சிலும் கொடுத்து, வட்டம் போட்டு, கண்டதை வரையச் சொல்லுங்கள். ஓரத்தில் தேதி, இடம், தண்ணீரின் நிறம். ஸ்லைடில் கூடவே ஒரு தலைமுடியை வைத்திருந்தால் “முடியின் அகலத்தைப்போல் மூன்று பங்கு நீளம்” என்று அளவும் எழுத முடியும்.

ஒரு கருவிக்கு இரண்டு பிள்ளைகள்தான் சரியான கணக்கு. மூன்றாவது பிள்ளை காத்திருக்கும் நேரத்தில் தண்ணீருக்குள் இறங்கிவிடும். பள்ளியோ தெருப்பிள்ளைகள் குழுவோ வாங்குவதானால் 20 கருவிகள் கொண்ட வகுப்பறைக் கிட்டாக வாங்குங்கள்; ஒன்றுக்கு ஆகும் செலவு தனிக் கிட்டைவிட நன்றாகக் குறையும், விளக்கு, சாமணம் போன்ற துணைப்பொருள்கள் குறைவாக இருக்கும், அவ்வளவுதான். கண்ணாடிக் கவர் ஸ்லிப் கரையில் உடைந்தால் துண்டைத் தேடி எடுப்பது கஷ்டம். வெளியே போகும்போது நடுவில் துளையுள்ள காகித ஸ்லைடும் ஒட்டும் டேப்பும் போதும். பையில் மூடியுள்ள டப்பா இரண்டு, டிராப்பர், பஞ்சு, டிஷ்யூ, டேப், சோப்பு, துண்டு. தேங்கிய நீரில் கைவைத்தபின் சோப்புப் போட்டுக் கழுவாமல் முறுக்கு சாப்பிடக் கொடுக்காதீர்கள். எலிச்சிறுநீர் கலந்த தண்ணீரிலிருந்து எலிக்காய்ச்சல் பரவும் என்பதால் கையில் காலில் வெட்டுக்காயம் உள்ள பிள்ளையை அன்றைக்குத் தண்ணீர் எடுக்க விடாமல், வரையச் சொல்லலாம். ஆழம் தெரியாத கரையில் நீரைப் பெரியவர்தான் மொள்ள வேண்டும்.

லென்ஸில் விரல்ரேகை பட்டால் படம் பனிமூட்டமாகும். சுத்தமான தண்ணீரில் நனைத்த மென்துணியால் ஒற்றி எடுங்கள், நகத்தாலோ சட்டை நுனியாலோ தேய்க்க வேண்டாம். பார்த்து முடித்த தண்ணீரை எடுத்த குளத்திலேயே ஊற்றுங்கள். வழியில் இருக்கும் வேறு குளத்திலோ வீட்டு மீன்தொட்டியிலோ கொட்டினால் நத்தை முட்டையும் களைத்துண்டும் புது இடத்துக்குக் குடிபோய்விடும், பிறகு எடுக்க முடியாது.